தர்பாத் ஆற்றங்கரையில் ஒரு மொட்டை

ஆறு இருக்கிறது என்று சொல்லித்தான் எங்களைச் சலாலாவுக்கு வரவழைத்தார்கள்.

அமீரகத்தில் ஆறு கிடையாது. அல் ஐனில் குடியிருந்த அந்த ஆண்டுகளில் நான் பார்த்த ஓடும் தண்ணீர், பேரீச்சந்தோப்புகளுக்கு நடுவே ஒரு முழ அகலத்தில் போகும் பாசன வாய்க்கால் மட்டும்தான். என் கணவர் சேகரின் குடும்பத்திலோ ஆறில்லாமல் முடியாத ஒரு வழக்கம் இருந்தது. முதல் பிள்ளைக்கு முதல் முடியை ஆடிப் பதினெட்டு அன்று காவிரிக்கரையில் இறக்க வேண்டும். இறக்கிய கையோடு பிள்ளையை ஆற்றில் முக்கி எடுக்க வேண்டும். இதெல்லாம் மூன்று வயது முடிவதற்குள் நடக்க வேண்டும். என் மகன் நிதினுக்கு அந்த ஆடியை விட்டால் வேறு ஆடி இல்லை.

ஆனால் லீவு கிடைக்கவில்லை. இவர் வேலை பார்த்த கட்டுமானக் கம்பெனியின் மேனேஜர், கேட்கும்போதெல்லாம் சிரித்த முகத்துடன் “அடுத்த மாதம் பார்க்கலாம்” என்பார். அந்த அடுத்த மாதத்தை நாங்கள் பார்த்ததே இல்லை.

அப்போதுதான் பக்கத்து நாட்டுச் சலாலாவிலிருந்து என் நாத்தனார் வசந்தா அண்ணி போன் செய்தார். “ஏன்டா தம்பி, ஆத்துக்காக இந்தியா வரைக்கும் எதுக்குப் போவணும்? இங்க மலையிலேருந்து கடல் வரைக்கும் ஓடுது. நாலு நாள் லீவ கேளு. பொறப்பட்டு வா.”

நாலு நாள் கிடைத்தது. நான் திருச்சியில் புவியியல் முதுகலை படித்து, கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் பள்ளியில் அதே பாடம் நடத்தியவள். அரேபியாவில் ஓர் ஆறு கடல் வரை ஓடுகிறது என்றால் எனக்கும் ஆசை வராதா? வந்தது. அதனால் நானும் சரி என்று சொன்னேன். இதையும் சொல்லிவிட வேண்டும்.

முதல் நாள் முழுக்கப் பாலைவனம். எங்கள் பழைய காரின் ஏசி ஒரு மாதமாகவே இருமிக்கொண்டிருந்தது. ஒர்க்‌ஷாப்பில் காட்டச் சொல்லி மூன்று முறை கேட்டுவிட்டேன். “போற வழியில பாத்துக்கலாம்” என்றார் இவர். போகிற வழியில் ஒர்க்‌ஷாப் இல்லை. மரமே இல்லை. ஹைமா என்ற ஊருக்கு வெகு தூரம் முன்னால் ஏசி நின்றது. கண்ணாடியை இறக்கினால் அனல், ஏற்றினால் அவியல். நிதினின் கழுத்தெல்லாம் வேர்க்குரு சிவந்து கிடந்தது. துண்டை நனைத்து அவன் மேல் போட்டபடி வந்தேன். துண்டு பத்து நிமிடத்தில் அப்பளமாகக் காய்ந்தது.

ஹைமாவில் பெட்ரோல் போடும் இடத்தை ஒட்டி ஒரு மலையாளி ஓட்டல். பரோட்டாவும் பருப்பும். பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த பாகிஸ்தானி லாரி டிரைவர் குழந்தையைப் பார்த்துவிட்டு எழுந்து போய், தன் தண்ணீர் கூஜாவிலிருந்து ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். என் கணவரிடம் இந்தியில், “இன்னும் கொஞ்ச தூரம் பொறுத்துக்கொள் தம்பி. மலை ஏறியதும் கம்பளி கேட்பாய்” என்றார்.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்து, “பாத்தியா, ஏசியே தேவையில்ல” என்றார். ஐஸ் கட்டியை நிதினின் கழுத்தில் ஒற்றிக்கொண்டே, பதில் சொல்லாமல் இருக்கப் பழகியது எப்போதிலிருந்து என்று யோசித்தேன்.

டிரைவர் சொன்னது பொய்யில்லை. மலையின் வடக்கு முதுகு வறண்ட கல். உச்சியைத் தாண்டியதும் வெள்ளையாக ஏதோ வந்து கார்மீது விழுந்தது. மூடுபனி, அதற்குள் தூறல். நம் ஊரில் தென்மேற்குப் பருவமழை கொட்டும் அதே மாதங்களில், அதே காற்றின் ஓர் ஓரம் இந்த மலையிலும் மோதுகிறது. தெற்குச் சரிவு மட்டும் நனைந்து புல்லாகப் பச்சை பிடிக்கிறது. அந்தப் பருவத்தை கரீஃப் என்கிறார்கள். பாடப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்தது காருக்குள் வந்து என் முகத்தை நனைத்தது. கொஞ்ச நேரம் எனக்குக் கோபமே மறந்துபோனது.

அதைக் கெடுக்க இவரால்தான் முடியும். பாதை தெரியவில்லை, ஓரமாக நிறுத்துங்கள் என்றேன். “முன்னாடி போறவன் லைட்ட பிடிச்சுக்கிட்டே போயிடலாம்.” பிடித்துக்கொண்டே போனோம். அந்த வண்டி இறங்கியது, நாங்களும் இறங்கினோம். அது நின்றது, நாங்களும் நின்றோம். பார்த்தால், சாலையை விட்டுப் புல்வெளிக்குள் வந்திருக்கிறோம். முன்னால் போனது சவூதிக் குடும்பம் ஒன்று. தூறலில் உட்காருவதற்காகவே நாடு விட்டு நாடு வந்தவர்கள். பாயை விரித்துக்கொண்டிருந்த பெரியவர், பின்னாலேயே வந்து நின்ற எங்களை விருந்தாளிகள் என்றே நினைத்துவிட்டார். தேநீர் ஊற்றி நீட்டினார். குடித்துவிட்டுத்தான் போக விட்டார்கள்.

அண்ணி வீட்டில் சுடச்சுட மீன் குழம்பு. அவர் கணவர் மூர்த்தி அண்ணன் அங்கே ஒரு குளிர்பதனக் கிடங்கில் சூப்பர்வைசர். பத்து வருடமாகச் சலாலா. “தென்ன மரம், வாழ மரம், மழ. நம்ம கும்பகோணம்தாம்மா இது. என்ன, கோயில்தான் கம்மி” என்று சிரித்தார்.

இரண்டாம் நாள் அவர்தான் ஆற்றைக் காட்டக் கூட்டிப் போனார். முகத்துவாரத்திலிருந்து மேலே போகலாம் என்று நான் கேட்டேன். ஆற்றைக் கீழிருந்து படிப்பது எனக்குப் பிடிக்கும்.

கோர் ரோரி என்று அந்தக் கழிமுகத்துக்குப் பெயர். இரண்டு பாறை முனைகளுக்கு நடுவே நீளமாகப் பச்சைத் தண்ணீர் கிடந்தது. மேட்டில் ஒரு பழைய துறைமுக நகரத்தின் கல் சுவர்கள். இங்கிருந்துதான் ஒரு காலத்தில் சாம்பிராணி கப்பல் ஏறியதாம். தண்ணீரில் ஒட்டகங்கள் முழங்கால் ஆழத்தில் நின்று எங்களை அலட்சியமாகப் பார்த்தன. ஆனால் கடலும் ஆறும் சேரவில்லை. நடுவில் ஒரு மணல் திட்டு. அந்தப் பக்கம் பருவக்காற்றில் கடல் குமுறிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் ஆறு அசையாமல் இருந்தது. இத்தனை தூரம் வந்து கடைசி நாலு எட்டில் நின்றுவிட்ட ஆறு. “கடல் மண்ணத் தள்ளி வாசல அடைச்சிடுச்சுடா” என்று நிதினுக்குச் சொன்னேன். அவன் ஒட்டகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“கடல் வரைக்கும் ஓடுதுன்னு அண்ணி சொன்னாங்களே” என்றேன்.

மூர்த்தி அண்ணன் தலையைச் சொறிந்தார். “ஓடும்மா. ஒரு காலத்துல ஓடியிருக்கும்.”

அங்கிருந்து மேலே சமவெளியில் ஆறு வெறும் கல்தான். காய்ந்த உருளைக் கற்களின் படுகை. அதற்கப்பால் பள்ளத்தாக்கையே குறுக்கே அடைத்ததுபோல் உயரமான வெண்சாம்பல் சுவர் நிற்கிறது. மனிதர் கட்டியதல்ல. தண்ணீரில் கரைந்து வந்த சுண்ணாம்பை ஆறு தானே ஆயிரமாயிரம் வருடங்களாகப் படிய வைத்து எழுப்பிய சுவர். நல்ல மழை ஆண்டில் அதன் மேலிருந்து தண்ணீர் அருவியாக விழுமாம். அந்த ஆண்டு நூல் நூலாகக் கசிந்தது. சுவருக்கு மேலே ஏறினால் தர்பாத் பள்ளத்தாக்கு. ஊற்றுகளிலிருந்து வரும் நீர் தேங்கித் தேங்கி, நீண்ட குட்டைகளாகப் புல்வெளிக்கு நடுவே கிடக்கிறது. அதற்கு மேல் மலை, மலைக்குப் பின்னால் மறுபடியும் பாலை. முழு ஆறும் அவ்வளவுதான். காலையில் தொடங்கினால் மதியச் சாப்பாட்டுக்குள் பார்த்து முடித்துவிடலாம்.

வகுப்பில் மத்தியதரைக் கடலோரத்துச் சிற்றாறுகளைப் பற்றி நடத்தியிருக்கிறேன். சுண்ணாம்பு மலையில் பிறந்து, ஒரே மூச்சில் இறங்கி, வருடத்தில் பாதி நாள் வறண்டு, மணல் மூடிய வாயோடு கடலுக்கு முன்னால் நிற்பவை. இதுவும் அந்த ஜாதி ஆறுதான். ஒரே வித்தியாசம், அவற்றுக்குக் குளிர்காலத்தில் மழை, இதற்குக் கோடையில். இதைச் சொல்ல எனக்கு அங்கே ஓர் ஆள் வேண்டியிருந்தது. இவர் டிக்கியைத் திறந்து சிப்ஸ் பாக்கெட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

குட்டைக்கரையில்தான் அந்தப் பலகை இருந்தது. அரபியிலும் ஆங்கிலத்திலும் எழுதி, நீந்தும் மனிதன்மேல் சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். பில்ஹார்சியா. இதையும் நான் படித்திருக்கிறேன். தேங்கிய நன்னீரில் ஒரு வகை நத்தை இருக்கும். அதிலிருந்து வெளிவரும் கண்ணுக்குத் தெரியாத புழு, குடிக்கக்கூட வேண்டாம், தோல் வழியாகவே உடம்புக்குள் போய்விடும். உள்ளே போனால் குடல், ஈரல் என்று குடித்தனம் வைக்கும். குனிந்து பார்த்தேன். கரையோரக் கல்லில் சின்னச் சின்ன நத்தைகள். அந்த நத்தைதானா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் நத்தை.

சற்றுத் தள்ளி நாலைந்து குடும்பங்களின் பிள்ளைகள் தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை பேர் இறங்கியிருக்கிறார்களே, நான்தான் மிகைப்படுத்துகிறேனோ? பலகையை மறுபடியும் படித்தேன். அதே எழுத்துதான் இருந்தது.

அன்று மாலை டீ குடிக்கும்போது சொன்னேன். முடியை அங்கே இறக்கலாம், தண்ணீரில் முக்க வேண்டாம்.

அண்ணி டம்ளரைக் கீழே வைத்தார். “நான் பத்து வருஷமா இங்க இருக்கேன். எனக்குப் புழு வந்துச்சா?”

“டெஸ்ட் பண்ணிப் பாத்தீங்களா அண்ணி?”

“பாருடா தம்பி உன் பொண்டாட்டிய. எனக்கே டெஸ்ட் வெக்கிறா.”

மூர்த்தி அண்ணன் சிரித்தார். இவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். அக்கா முன்னால் பேசாதே என்று எனக்கும், படித்த பெண்டாட்டி ஏதோ சொல்கிறாள், கண்டுகொள்ளாமல் விடு என்று அக்காவுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் சிரிப்பு.

நான் விடவில்லை. காவிரியே வறண்டு கிடந்த ஆண்டுகள் அவை. போன ஆடிப் பதினெட்டுக்கு என் மாமியாரே போனில் சொல்லியிருந்தார்: ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை, படித்துறையில் போர் போட்டு ஷவர் வைத்திருக்கிறார்கள், அதில் தலையை நனைத்துவிட்டு வந்தோம் என்று. “அங்க காவிரிக்கரையிலயே குழாத்தண்ணியில சாமி கும்புட்டாங்க. இங்க பாட்டில் தண்ணி ஊத்துனா குத்தமா?”

அண்ணிக்குக் கோபம் வந்தது. “உன் புள்ள, உன் இஷ்டம்” என்று டம்ளர்களை அள்ளிக்கொண்டு எழுந்து போனார்.

இவர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். “சரி. முடி மட்டும் அங்க எறக்குவோம். பாட்டில் தண்ணிய ஊத்திக் குளிப்பாட்டிடலாம். போதுமா? மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத.”

போதும் என்றேன். கடையில் பெரிய தண்ணீர் கேன்களாக நாலு வாங்கி நானே டிக்கியில் ஏற்றினேன்.

மூன்றாம் நாள் ஆடிப் பதினெட்டு. எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர் என்று அண்ணி விடியலிலேயே எழுந்து நாலு வகைச் சாதம் கட்டியிருந்தார். காப்பரிசியில் வெல்லம் திட்டமாக இருந்தது. அவர் சமையலில் குறை சொல்ல முடியாது. சலூனிலிருந்து முத்து என்பவரை மூர்த்தி அண்ணன் காரில் ஏற்றி வந்தார். புதுக்கோட்டைக்காரர். புல்லில் இறங்கியதும் சுற்றிப் பார்த்துவிட்டு, “என்னண்ணே, மொட்டைக்குக் கூப்டீங்கன்னு வந்தேன். ஊட்டிக்குக் கூட்டியாந்துட்டீங்க” என்றார்.

குட்டைக்கரையில் பாய் விரித்து, மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்து, தண்ணீரில் பூ விட்டோம். அண்ணி எனக்கும் தனக்கும் மஞ்சள் கயிறு மாற்றினார். அவர் கண் கலங்கியிருந்தது. ஆறு பக்கத்தில் இருந்தும், கூட ஆளில்லாமல் பத்து வருடமாக அந்த நாளைச் சமையலறைக் குழாயடியில் கழித்தவர். அதைப் பார்த்தபோது, அண்ணியிடம் அப்படிப் பேசியிருக்க வேண்டாமோ என்றுகூடத் தோன்றியது. இப்படித்தான் நான் ஒவ்வொரு முறையும் இளகிப்போகிறேன்.

மாமா முறைக்கு மூர்த்தி அண்ணன் மடியில் நிதினை உட்கார வைத்தார்கள். முதல் இழுப்பிலேயே அலறத் தொடங்கினான். முத்து விசிலடித்தார், ஒட்டகம் மாதிரி முகத்தைக் கோணிக் காட்டினார். பிள்ளை தலையைத் திருப்பியதில் காதுக்கு மேலே ஒரு சின்ன வெட்டு. “ஒண்ணுமில்லக்கா, கடுகளவு” என்றார். கடுகளவுதான். ஆனால் புழு அதைவிடச் சின்னது.

மொட்டை முடிகிற நேரம் நான் கேன்களை எடுக்கப் போனேன். கார்கள் மேட்டில், கொஞ்ச தூரத்தில் நின்றன. டிக்கியைத் திறந்தால் கேன்கள்மேல் சாப்பாட்டுக் கூடை, இன்னொரு பாய், அடுப்பு எல்லாம். ஒவ்வொன்றாக இறக்கி வைத்து இரண்டு கேன்களை இழுத்து எடுத்துத் திரும்பினேன்.

சேகர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். அவர் கையில் என் மகன், நெஞ்சு வரை முங்கி, மொட்டைத் தலையோடு. அண்ணி முழங்காலளவு தண்ணீரில் நின்று சொம்பால் மொண்டு மொண்டு காதோரம் ஊற்றிக்கொண்டிருந்தார். மூர்த்தி அண்ணன் டிஜிட்டல் கேமராவில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, “இங்க பாருடா செல்லம்” என்றார்.

என் கையிலிருந்த கேன்கள் விழுந்தன. செருப்போடு, புடவையோடு தண்ணீரில் இறங்கிப் பிள்ளையைப் பிடுங்கினேன். இவர் சொன்னார்: “ஒரே ஒரு முக்குதான். அக்கா ஆசப்பட்டுச்சு.”

கரையில் அவனை நிற்க வைத்து, துண்டால் அழுத்தித் துடைத்தேன். மேல்தோலில் நீர் காய்வதற்குள் துடைத்துவிட்டால் புழு உள்ளே போகும் வாய்ப்புக் குறையும் என்று எங்கோ படித்தது ஞாபகம் வந்தது. விரலிடுக்கு, காது மடல், முழங்கால் மடிப்பு என்று விடாமல் துடைத்தேன். பிள்ளை சிவந்துபோனான். பிறகு இரண்டு கேன் தண்ணீரையும் ஊற்றி, மறுபடியும் துடைத்தேன். என் கால்களையும் துடைத்தேன்.

“சட்டிய வெளக்குற மாதிரி வெளக்குறாளே” என்றார் அண்ணி. யாரோ சிரித்தார்கள். முத்து மட்டும் சிரிக்காமல் தன் பெட்டியை மூடினார்.

பிறகு எல்லோரும் சாப்பிட்டார்கள். புளிச்சாதம் நன்றாக இருந்ததாம். என் தட்டில் போட்டதை ஓர் ஆடு தின்றது.

திரும்பும் வழியில் ஏசி இல்லை. பேச்சும் இல்லை. ஹைமாவைத் தாண்டியபின் இவர் ஒரு முறை, “இன்னும் எத்தன நாளைக்கு இப்படி?” என்றார். பாலைவனத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பலகை போட்டவர்களுக்கு வேறு வேலை இல்லையா? என் சொல் பைத்தியக்காரத்தனமாகவே இருக்கட்டும், சரி என்று சொன்ன வாக்கு எங்கே போனது? நான் மேட்டில் கூடையை இறக்கிக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தை அவர்கள் காத்திருந்து பிடித்தார்கள். அதுதான் நெஞ்சில் நின்றது.

அல் ஐனில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் ஒரு ஹைதராபாத் டாக்டரம்மா. முழுவதையும் கேட்டார். சிரிக்கவில்லை. அதற்கே எனக்கு அழுகை வந்தது. “இப்போது டெஸ்ட் செய்து பயனில்லை. உள்ளே போயிருந்தால் வளர்ந்து முட்டையிட வாரக்கணக்கில் ஆகும். அதுவரை காய்ச்சல், அரிப்பு, வயிற்றுப்போக்கு வருகிறதா என்று பாருங்கள். தண்ணீரில் இறங்கிய எல்லோரும் பிறகு வாருங்கள்” என்று ஆங்கிலத்தில் சொல்லி மூவர் பெயரையும் எழுதிக்கொண்டார். உடனே துடைத்தது நல்லது என்றார்.

அந்த வாரங்களை எப்படிக் கழித்தேன் என்று எழுதினால் பயணக் கட்டுரையாக இருக்காது. நிதின் தும்மினால் தூக்கம் போகும். கொசு கடித்த தடிப்பை விளக்கடியில் வைத்துப் பார்ப்பேன். தலையில் முடி கருகருவென்று முளைத்து வந்தது. அதைத் தடவும்போதெல்லாம் அந்தச் சொம்புதான் கண்ணில் தெரிந்தது.

நாள் வந்ததும் டாக்டரம்மா, சோதனைக்கு மலம் எடுத்துவர மூன்று பேருக்கும் டப்பா கொடுத்தனுப்பினார். நானும் நிதினும் கொண்டுபோய்க் கொடுத்தோம். இவர் வரவில்லை. ஆபீஸ் என்றார். முடிவு வந்தது. இருவருக்கும் ஒன்றும் இல்லை.

காகிதத்தை இவரிடம் காட்டினேன். படித்துக்கூடப் பார்க்காமல் சலாலாவுக்குப் போன் போட்டார். “ஒண்ணுமில்லக்கா. நான்தான் அப்பவே சொன்னேன்ல.” அந்த முனையில் அண்ணியின் குரல் எனக்கும் கேட்கும்படி வந்தது. “ஆத்தா காப்பாத்திட்டா. உன் பொண்டாட்டிக்கு எதுக்கெடுத்தாலும் பயம். குடு அவகிட்ட.”

வாங்கினேன். “காது குத்துக்கும் இங்கயே வந்துடுங்க, அதே எடத்துல வெச்சுக்கலாம்” என்றார் அண்ணி.

“வரமாட்டோம் அண்ணி” என்றேன். “காது குத்துனா இங்கதான், கிளினிக்ல. நீங்க வாங்க. புளிச்சோறு நான் கட்டுறேன்.”

“வர்றேன்” என்று மட்டும் சொன்னார் அண்ணி.

போனை வைத்ததும் இவர் வெற்றியோடு சோபாவில் சாய்ந்தார். “இனிமேயாவது சும்மா பயப்படாத. அதான் இல்லன்னு வந்துடுச்சே.”

“எங்க ரெண்டு பேருக்கு இல்ல” என்றேன். “அவன நான் தொடச்சேன். என்னையும் தொடச்சுக்கிட்டேன். இடுப்பளவு தண்ணியில அவ்வளவு நேரம் நின்னீங்களே, ஈரப் பேன்ட்டோட ஒக்காந்து மூணு வாட்டி புளிச்சோறு வாங்கிச் சாப்ட்டீங்க. உங்கள யாரு தொடச்சா?”

சிரித்தார். சிரித்துக்கொண்டே டிவி பக்கம் திரும்பினார். கொஞ்ச நேரம் கழித்து வயிற்றை ஒரு முறை தடவிக்கொண்டார். ராத்திரிச் சாப்பாட்டில் இரண்டாவது தோசை வேண்டாம் என்றார்.

மறுநாள் காலை, நிதினுக்குப் பால் ஆற்றிக்கொண்டிருந்தேன். குளியலறைக் கதவு லேசாகத் திறந்தது. உள்ளேயிருந்து மெல்லிய குரல் வந்தது.

“அந்த டாக்டர் குடுத்த டப்பா… எனக்கும் ஒண்ணு குடுத்திருந்தாங்கன்னியே, எங்க வெச்ச?”

எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பாலை ஆற்றி முடித்து, பிள்ளைக்குக் கொடுத்தேன். அவன் கடைசி வாய் குடித்த பிறகுதான் டப்பாவை எடுக்க எழுந்தேன்.